கயிற்றின் கணக்கும் தீர்ப்பின் பிழையும்

முத்துப்பேட்டையை அடுத்த தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் கொன்றதாக வழக்கு இல்லை. ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. அதற்கு மரணம் தவிர வேறு தண்டனை அன்றைய மலேயாச் சட்டத்தில் இல்லை.

காவிரிக் கடைமடையில் விளைச்சல் பொய்த்த காலங்களில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போன குடும்பங்கள் ஏராளம். ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். சிறுவயதிலேயே அந்த மண்ணுக்குப் போன கணபதி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்ததும் தொழிற்சங்கத்துக்கு வந்தார். மூன்று லட்சம் தொழிலாளர்களைக் கொண்ட அகில மலேயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது. அதே மாதத்தில் மலேயாவில் அவசரநிலை வந்தது. 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் அருகே கணபதி கைதானார். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே எடுத்துப் போனார் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 15ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நேருவின் அரசு கருணை கேட்டது; அதுவும் பலிக்கவில்லை. கைதுக்கும் கயிற்றுக்கும் இடையே 64 நாள்.

மறு ஆண்டு, 1950இல், அதே வட்டாரத்துப் பொதுவுடைமைப் போராளிகளான வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இந்த மூன்று பெயர்களையும் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இன்றும் சேர்த்தே சொல்வார்கள். மற்ற இருவருக்கும் விசாரணையே இல்லை. கணபதிக்கு விசாரணை நடந்தது. சாட்சி, வாதம், தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் இருந்தன. முறைப்படி நடந்த ஒரு மரணம் அது. அதனால்தான் அதைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தூக்கின் வரலாற்றில் ‘முறை’ என்ற ஒன்று எப்படி உருவானது, அது எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதே இங்கே நம் கேள்வி.

கழுமரத்திலிருந்து கயிற்றுக்கு

தூக்கு நம் மண்ணின் பழைய தண்டனை முறை அன்று. வாளால் வெட்டுவது, கழுவில் ஏற்றுவது, யானைக் காலில் இடறவைப்பது என்று கொடிய முறைகள் இங்கேயும் இருந்தன. தெக்கத்திக் கிராமங்களில் இன்றும் நிற்கும் கழுமரக் கற்கள் அதற்குச் சாட்சி. ஆனாலும் கொலைக்குக் கொலைதான் என்று எல்லா இடத்திலும் இருந்துவிடவில்லை. வேட்டையில் குறி தவறி ஆளைக் கொன்றவனுக்கும், கைகலப்பில் ஓர் உயிர் போகக் காரணமானவனுக்கும், கோயிலில் நந்தா விளக்கு எரிக்கும்படி தண்டனை விதித்த சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டுகூட அவர்களுடைய உறவினர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து விற்றதைத்தான் சொல்கிறது, கொன்றதாகச் சொல்லவில்லை. சோழர்கள் கருணையே வடிவானவர்கள் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. கொலைக் குற்றத்துக்கும் பல படிகள் உண்டு, ஒரே தண்டனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்ற அறிவு இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்பது மட்டும் உறுதி.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகுதான் கயிறு ஆட்சியின் சின்னமாயிற்று. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைப் பாளையக்காரர்கள் பார்க்கப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். இரண்டாண்டு கழித்து, 1801 அக்டோபர் 24இல், திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அங்கே உடலைவிடப் பார்வையாளர்களே முக்கியம். பார்த்தவர்கள் அஞ்ச வேண்டும். அதற்காகத்தான் மரம், அதற்காகத்தான் வெட்டவெளி.

இங்கிலாந்திலும் 1868 வரை தூக்கு ஊரறிய நடந்த காட்சிதான். திருவிழாக் கூட்டம் போல ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அந்த ஆண்டில் நாடாளுமன்றம் அதைச் சிறைச் சுவருக்குள் கொண்டுபோனது. இந்தியாவில் 1985இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணைப் பொது இடத்தில் தூக்கிலிட உத்தரவிட்டபோது உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, அது நாகரிகத்துக்கும் அரசமைப்புச் சட்டத்துக்கும் எதிரானது என்று தடுத்தது.

விஞ்ஞானம் உள்ளே வந்த கதை

சுவருக்குள் போன பிறகு புதிதாக ஒரு சங்கடம் முளைத்தது. அதுவரை தூக்கு என்பது மூச்சுத்திணறிச் சாவதுதான். பல நிமிடம் துடித்துச் செத்தவர்கள் உண்டு. வெட்டவெளியில் அது ‘பாடம்’ என்று பெயர் பெற்றது. மூடிய அறையில் அதிகாரியும் பாதிரியாரும் மருத்துவரும் மட்டும் அருகிலிருந்து பார்க்கும்போது அது வெறும் சித்திரவதையாகத் தெரிந்தது.

அயர்லாந்தின் டப்ளினைச் சேர்ந்த சாமுவேல் ஹாட்டன் கணிதமும் மருத்துவமும் அறிந்த பாதிரியார். இரக்கத்தினால்தான் அவர் இந்தப் பொருளைக் கையிலெடுத்தார். சாவு நேர்ந்தே தீரும் என்றால் அது நொடியில் நேரட்டும் என்று 1866இல் இயந்திரவியலும் உடலியலும் கலந்த ஓர் ஆய்வை வெளியிட்டார். விழும் உடல் எவ்வளவு ஆற்றலைப் பெறும் என்பது எடையையும் உயரத்தையும் பொறுத்தது என்பது பள்ளிப் பாடத்தில் வரும் இயற்பியல். அதைக் கொண்டு, எடைக்கேற்ப உயரத்தை மாற்றினால் கழுத்தெலும்பு முறிந்து உடனே நினைவிழப்பு வரும் என்பது அவருடைய கணக்கு. 1872இல் வில்லியம் மார்வுட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி தூக்கிலிடுபவராக வேலைக்குச் சேர்ந்து அந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

கணக்கு தாளில் இருந்த அளவுக்கு மேடையில் ஒழுங்காக நடக்கவில்லை. 1885இல் மட்டும் இரண்டு பெரிய அவலங்கள். எக்ஸிடர் சிறையில் ஜான் லீ என்பவர் நிற்கவைக்கப்பட்ட பலகை மூன்று முறையும் திறக்கவில்லை. கடைசியில் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்கள். நார்விச்சில் கணக்கு மிஞ்சிப்போய் ஒரு கைதியின் தலையே துண்டானது. பத்திரிகைகள் கொதித்தன. அபர்டேர் பிரபு தலைமையில் குழு அமைந்து 1888இல் அறிக்கை தந்தது. 1892இல் இங்கிலாந்து உள்துறை அதிகாரபூர்வ அட்டவணை ஒன்றை வெளியிட்டது; 1913இல் திருத்தியது. இந்தியச் சிறை விதிப்புத்தகங்களிலும் எடைவாரியான அட்டவணை ஏறியது. மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கயிற்றைச் சோதிக்கும் வழக்கமும் வந்தது. பீகாரின் பக்சார் சிறையில் இன்றும் தூக்குக் கயிறு திரிக்கப்படுகிறது.

இத்தனை கணக்கும் வேலை செய்ததா? தூக்கிலிடப்பட்ட 34 பேரின் எலும்புகளை இங்கிலாந்தில் ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. கழுத்தெலும்பு முறிவு காணப்பட்டது நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களிடம்தான். அதாவது, நூறாண்டுக் காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த அந்த ‘உடனடி முறிவு’ விதியாக நிகழவில்லை, விதிவிலக்காகத்தான் நிகழ்ந்தது. அட்டவணை தந்தது நிச்சயத்தின் தோற்றத்தை மட்டுமே.

ஒரே ஆண்டு, இரண்டு நீதி

இனி கணபதியின் காலத்துக்கு வருவோம். 1948 ஏப்ரல் 14ஆம் நாள் லண்டனில் மக்களவை, தூக்குத் தண்டனையை ஐந்தாண்டு நிறுத்திவைக்க வேண்டும் என்று 245க்கு 222 என வாக்களித்தது. பிரபுக்கள் அவை அதைத் தடுத்துவிட்டது. ஆனாலும் தூக்கு சரியா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்துவிட்டது. அதே கோடையில் அதே அரசின் கீழிருந்த மலேயாவில், உரிமமில்லாமல் துப்பாக்கி எடுத்துச் சென்றாலே கட்டாய மரணம் என்று அவசரகால விதி வந்தது. லண்டனில் கொலைகாரனுக்கே கயிறு வேண்டுமா என்று யோசித்தவர்கள், தோட்டக் காட்டில் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குக் கயிறு கட்டாயம் என்றார்கள். அவசரநிலை முடிவதற்குள் மலேயாவில் தூக்கிலிடப்பட்டவர்கள் இருநூறு பேருக்கும் மேல்.

கணபதி தூக்கிலிடப்பட்ட 1949ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் மரண தண்டனையை ஆராய அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் எர்னஸ்ட் கவர்ஸ். நான்கு ஆண்டுக்காலம் சாட்சிகளைக் கேட்ட அந்த மனிதர், முடிவில் தூக்கே கூடாது என்ற கருத்துக்கு வந்து புத்தகமே எழுதினார். 1964க்குப் பிறகு பிரிட்டனில் யாரும் தூக்கிலிடப்படவில்லை.

அதே மலேயா விதியின் கீழ் சிக்கிய இன்னொரு தமிழரின் வழக்கையும் சொல்லியாக வேண்டும். சாம்பசிவம் ஜொகூரில் கைதானவர். துப்பாக்கி எடுத்துச் சென்றதாக ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்ததாக ஒன்று என இரண்டு குற்றச்சாட்டு. தோட்டா வழக்கில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக்கு மறுவிசாரணை நடந்து மரண தண்டனை வந்தது. அவருடைய மேல்முறையீடு லண்டனின் பிரிவி கவுன்சில்வரை போய்ச் சேர்ந்தது. 1950இல் அங்கே தண்டனை ரத்தாயிற்று. ஒரு குற்றச்சாட்டில் விடுதலை பெற்றவரை அதே விஷயத்தில் குற்றவாளிபோல நடத்தி, அந்த ஆதாரத்தைக் கொண்டு இன்னொரு குற்றச்சாட்டை நிறுவக்கூடாது என்றார்கள் நீதிபதிகள். இந்திய உச்ச நீதிமன்றமும் பின்னாளில் எடுத்தாண்ட தீர்ப்பு அது.

சாம்பசிவம் பிழைத்தார், கணபதி பிழைக்கவில்லை. இருவருடைய வழக்கும் ஒன்றல்ல. பிரிவி கவுன்சில் கணபதியையும் விடுவித்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தவறு இருந்தால் கண்டுபிடிக்கப் போதிய காலம் ஒருவருக்குக் கிடைத்தது. மற்றவருக்கு எல்லாம் 64 நாளில் முடிந்துபோயிற்று. எடைக்கு ஏற்ற உயரத்தைச் சொல்ல அட்டவணை இருந்தது. ஒரு தீர்ப்பு சரியா என்று பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்பதற்கு எந்த அட்டவணையும் இல்லை.

இந்திய நீதிமன்றத்தில் தூக்கு

சுதந்திர இந்தியா தூக்கை வைத்துக்கொண்டது. ‘கழுத்தில் கயிறிட்டு, உயிர் போகும்வரை’ என்ற வாசகம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து 2023இல் வந்த புதிய சட்டத்துக்கும் அப்படியே ஏறியிருக்கிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. 1983இல் மித்து வழக்கில், கட்டாய மரண தண்டனை அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. கணபதியைக் கொன்ற சட்டம் போன்ற ஒன்று இன்றைய இந்தியாவில் நிற்காது என்பது அதன் பொருள்.

அதே 1983இல் தீனா வழக்கில், தூக்கு என்ற முறை கொடூரமானதா என்ற கேள்வி எழுந்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கவர்ஸ் ஆணையத்தின் அறிக்கை உள்ளிட்டவற்றை ஆராய்ந்து, தூக்கு விரைவானது, மிகுந்த வலி தராதது என்று ஏற்றுக்கொண்டது. மேலே சொன்ன எலும்பு ஆய்வு வெளியாக அப்போது இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. 2023 மார்ச்சில் இதே கேள்வி மறுபடி வந்தபோது, அவருடைய மகன் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், தூக்கினால் ஏற்படும் வலி பற்றி அறிவியல் தரவு வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கேட்டார். ஒரு தலைமுறை முடிந்ததாக எண்ணிய விஷயத்தை அடுத்த தலைமுறை மீண்டும் திறந்து பார்க்கிறது. அறிவியல் வளர்வது அப்படித்தான். ஆனால் இடையில் தூக்கிலிடப்பட்டவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

அச்சம் கொலையைத் தடுக்கிறதா?

தூக்கு இல்லாவிட்டால் கொலைகள் பெருகாதா என்று கேட்பவர்கள் நியாயமான அச்சத்தோடுதான் கேட்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் புள்ளிவிவரம் பேசுவது எளிதல்ல. என்றாலும் கேள்வி இதுதான் என்றால், அதைச் சோதித்துப் பார்க்க நம் பக்கத்திலேயே ஒரு களம் இருந்தது.

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை ஒழித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று அதில் அடக்கம். 1950இல் இந்தியச் சட்டம் வந்ததும் தூக்கும் திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945–50 காலத்தில் அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு இருந்த 1950–55 காலத்தில் 967. ஒரே மண், ஒரே மக்கள். கயிறு வந்தும் எண்ணிக்கை இறங்கவில்லை. இரண்டு காலங்களை மட்டும் வைத்து முழு முடிவுக்கு வரக்கூடாது என்பது உண்மைதான். கொலை எண்ணிக்கையை வேறு பல காரணங்களும் ஏற்றி இறக்கும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பெரும் ஆய்வுகள் நடந்தன. 1975இல் பொருளியலாளர் ஐசக் எர்லிக், நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று கணித வழியில் வாதிட்டார். பலர் அதை மறுத்தார்கள், சிலர் ஆதரித்தார்கள். இறுதியில் 2012இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் முப்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளையும் எடுத்துப் பார்த்தது. மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று சொல்ல அவற்றில் எதற்கும் தகுதியில்லை, கொள்கை வகுக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. தடுக்கும் என்பது நம்பிக்கை. நிறுவப்பட்ட உண்மை அல்ல.

பிழையின் அளவு

எந்த அளவைக் கருவிக்கும் பிழை உண்டு. நல்ல விஞ்ஞானி முதலில் கேட்பது, பிழை எவ்வளவு, அதைத் திருத்த வழி உண்டா என்பதைத்தான். மரண தண்டனையில் அளவைக் கருவி நீதிமன்றம். அதன் பிழையை நாம் ஓரளவு அறிவோம்.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகள் மேல்முறையீட்டில் என்னவாயின என்று கணக்கெடுத்தார்கள். இறுதியில் நிலைத்தவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் முற்றிலும் விடுதலையானார்கள். மீதிப்பேருக்குத் தண்டனை குறைந்தது. கொள்முதல் நிலையத்துத் தராசு ஒன்று, நூறு மூட்டை நெல்லில் தொண்ணூற்றைந்தை மறு எடையில் மாற்றவேண்டிய அளவுக்குக் காட்டினால், எந்த விவசாயி அதில் நெல்லை வைப்பார்? அதே ஆய்வின்படி தூக்குக் கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நல்ல வழக்கறிஞரை அமர்த்த வழியில்லாதவர்கள் பக்கமே இந்தத் தராசு சாய்கிறது.

மேல்முறையீடு பிழையைப் பிடித்துவிடுகிறதே என்று நிம்மதியடையலாமா? மேலே இருப்பவர்களும் தவறுகிறார்கள். குற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், குற்றவாளியின் சூழ்நிலையைப் பார்க்க வேண்டாம் என்று 1995இல் ராவ்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அது பச்சன் சிங் வழக்கின் நெறிக்கு மாறானது என்று 2009இல் அந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அந்தத் தவறான வழியில் பலருக்கு மரண தண்டனை உறுதியாகியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் 2012இல் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய செய்தி நெஞ்சைப் பிளக்கும். ராவ்ஜி 1996இலும், சுர்ஜா ராம் 1997இலும் தூக்கிலிடப்பட்டுவிட்டனர். தவறு பதின்மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தது. தெரிந்தபோது திருத்த ஆள் இல்லை.

நம் மாநிலத்தில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர். 1995 ஏப்ரலில், சேலம் மத்திய சிறையில். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று நாளே குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2013இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தில் அவருக்குச் சாதகமான பகுதியைத் தான் பதிவு செய்யாமல் விட்டதாக அதை எழுதிய ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே வெளிப்படையாகச் சொன்னார். 2014இல் தண்டனை குறைந்தது. 2022இல் பேரறிவாளன் விடுதலையானார். குறித்த நாளில் தூக்கு நடந்திருந்தால் அந்த அதிகாரியின் மனமாற்றத்தால் யாருக்கும் பயன் இருந்திருக்காது.

செய்ய வேண்டியது

இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் தந்த 262ஆவது அறிக்கை, பயங்கரவாதம், நாட்டுக்கு எதிரான போர் ஆகியவை தவிர மற்றக் குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. இலங்கை 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. கணபதியைப் பலிகொண்ட மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, காத்திருந்த கைதிகளின் வழக்குகளை மறுபடி பார்க்க வழிசெய்தது. சிங்கப்பூரோ போதைப்பொருள் வழக்குகளில் இன்னும் தூக்கிலிடுகிறது. அறிவுத்திறன் குறைந்தவர் என்று வாதாடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரல் 27இல் அங்கே தூக்கிலிடப்பட்டார்.

நூற்றைம்பது ஆண்டுகளாக விஞ்ஞானத்திடம் நாம் கேட்டது, எப்படிக் கொன்றால் நன்றாக இருக்கும் என்பதைத்தான். கயிறு, பலகை, எடை, உயரம் என்று அது தந்த விடைகளும் முழுதாகச் சரியாகவில்லை. விஞ்ஞானத்தின் உண்மையான படிப்பினை வேறு: தவறு நேரும், ஆகவே திருத்த இடம் விட்டுவை. ஆயுள் சிறையில் அந்த இடம் இருக்கிறது. தூக்கில் இல்லை. கொடிய குற்றவாளி வெளியே வரக்கூடாது என்றால் சிறைக்கதவு போதும்.

தம்பிக்கோட்டைக் கணபதியைத் தியாகி என்று கொண்டாடும் நாம், அவரைக் கொன்ற தண்டனையை நம் சட்டப் புத்தகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதை நீக்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய பொருத்தமான மரியாதை. சட்ட ஆணையத்தின் பரிந்துரை கையில் இருக்கிறது. ஒன்றிய அரசு அதை நிறைவேற்ற வேண்டும்.